பழைய டர்போ டீசல் வண்டிக்குக் கூடுதல் இழுவை: சானி கணவாயை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டிய முறை

தர்பன் கடற்கரைச் சாலையில் குறை சொல்ல இடமின்றி ஓடும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், உள்ளே குடும்பமும் பின்னால் ட்ரெய்லருமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தைத் தொட்டதும் மூச்சு வாங்குவதும், லாரிகளோடு இடது ஓரத்தில் ஊர்ந்து போவதும் நம்மில் பலருக்குப் பழகிப்போனவை. இந்த வண்டிகளின் இன்ஜினில் இன்னும் எடுக்கக்கூடிய சக்தி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை எந்த வரிசையில், எந்த அளவுக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த இன்ஜின் அடுத்த பத்து ஆண்டுகள் உழைக்குமா, அடுத்த கோடையிலேயே ஹெட் கேஸ்கெட்டை ஊதிக்கொள்ளுமா என்பது முடிவாகும். நம் ஊர்க்காரர்கள் வண்டியைக் கடல் மட்டத்தில் திருத்தி, தென்னாப்பிரிக்காவின் லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாய் போன்ற மலைக்கு ஓட்டிச் செல்பவர்கள். ஆகவே மலையுச்சியின் காற்றுக்குப் பொருந்தும்படி டீசலை அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை.

எடுத்துக்காட்டாக லேண்ட் ரோவரின் 300 டிடிஐ இன்ஜினைக் கொள்கிறேன். 2,495 சிசி கொள்ளளவுள்ள அந்த இன்ஜின், ஆலையிலிருந்து வந்த நிலையில் 111 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 265 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அதன் போஷ் விஇ டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் இயங்குவதால் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே திருத்தலாம். மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் 1கேஇசட்-டிஇ இன்ஜின் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பக்கிகளுக்கு (பிக்கப் வண்டிகளுக்கு) பம்பைப் பற்றி இங்கே சொல்வது பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

முதலில் இழந்த சக்தியைத் திரும்பப் பெற வேண்டும். டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் கிளிப் அழுத்தும் இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். வெளியே கறுப்பாக, முழுமையாகத் தெரியும் ரப்பர் அடிப்பக்கத்தில் மயிரிழையாக வெடித்திருக்கும்; இன்ஜின் ஓடாதபோது அது மூடியே இருப்பதால் கண்ணில் படாது. டர்போவின் காற்று நுழைவாயை அடைத்து, ஹோஸ்களுக்குள் அரை பார் அழுத்தம் மட்டும் கொடுத்து, சோப்பு நீரைத் தடவினால் அந்த வெடிப்பில் சிறு குமிழிகள் வரிசையாக எழும். இதோடு ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். இன்ஜின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளியை 0.20 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள்; இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனை மேசையில் தெளிப்பு பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு செய்ததுமே பலருக்கு வண்டி போதுமானதாகிவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள், பம்பைத் தொடுவதற்கு முன்பே, பூஸ்ட் எனப்படும் டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜும் எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் பைரோமீட்டரும் பொருத்தியாக வேண்டும். பைரோமீட்டரின் முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவைக் கடந்த பிறகு வெப்பம் கணிசமாகக் குறைந்துவிடுவதால் அங்கே அளப்பது பொய்யான நிம்மதியைத் தரும். துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் உள்ளே விழும் ஓர் இரும்புத் துருவல் டர்போவின் இறக்கையை அழிக்கப் போதும். நீடித்த ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. இந்த இன்ஜினின் ஹெட்டும் பிஸ்டன்களும் அலுமினியம் என்பதை மறக்கக் கூடாது.

பம்பின் மேலே நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் ரப்பர் டயாஃப்ரமும், அதன் அடியில் தொங்கும் எஃகுத் தண்டும் தெரியும். திறப்பதற்கு முன் மூடிக்கும் பம்பின் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். திறந்ததும் டயாஃப்ரம் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டின் கூம்பு மையத்திலிருந்து சற்றே விலகிக் கடையப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். பக்கவாட்டு ஊசி இத்தனை ஆண்டுகளாக உரசிய தடம் ஒரு பளபளப்பான கோடாகத் தெரிவதால், ஆலையில் எந்தப் பக்கத்தை வைத்தார்கள் என்பது விளங்கிவிடும். பூஸ்ட் ஏறும்போது தண்டு கீழிறங்கி, ஊசி கூம்பின் ஆழத்துக்குள் நகர்ந்து, டீசல் கூடுகிறது. டயாஃப்ரத்தை ஆழமான பக்கம் நோக்கிச் சிறிது சிறிதாகத் திருப்பினால், பூஸ்ட் இருக்கும்போது மட்டும் கூடுதல் டீசல் கிடைக்கும். டயாஃப்ரத்தைத் தாங்கும் சுருள்வில்லின் அடியிலுள்ள பல் சக்கரத்தைக் கீழே இறக்கினால் வில் தளர்ந்து, அந்தக் கூடுதல் டீசல் முன்னதாகவே வரத் தொடங்கும்.

பம்பின் பின்புறத்தில் லாக் நட்டோடு இருக்கும் முழுச்சுமை ஸ்க்ரூ வேறு வகையானது. அது எல்லா நிலையிலும் டீசலைக் கூட்டுவதால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாமல். உள்ளே திருகத் திருக ஐடில் வேகமும் ஏறும். அளவு மீறினால் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் ஓடும். ஆகவே சாவியைத் திருப்பியதும் டீசலை நிறுத்தும் சொலினாய்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று வேண்டும். பூஸ்ட் மீறாதபடி எக்ஸாஸ்ட் வாயுவை விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டின் தண்டு நீளத்தைச் சரிசெய்து பூஸ்டை 1 பாரை ஒட்டி வைப்பது போதும், 1.2 பாரைத் தாண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தர்பனின் கோடைக் காற்றை 1 பாருக்கு அழுத்தினால் அதன் வெப்பம் 100 டிகிரியைக் கடந்துவிடுகிறது. சூடான காற்றில் பிராணவாயு குறைவு. அதனால் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பெரிய இன்டர்கூலருக்கே கொடுக்கச் சொல்வேன். சக்தியைக் கூட்டிக்கொண்டே எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் குறைக்கும் பொருள் அது.

இனி மலைக்கு வருவோம். சானி கணவாயின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.7 பார்தான். வேஸ்ட்கேட்டும் பம்பின் டயாஃப்ரமும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டே பூஸ்டை உணர்வதால், உங்கள் கேஜ் தர்பனிலும் உச்சியிலும் 1 பார் என்றே காட்டும், பம்பும் அதே அளவு டீசலைக் கொடுக்கும். ஆனால் இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தம் (வெளிக்காற்றும் பூஸ்டும் சேர்த்து) தர்பனில் 2 பார், உச்சியில் 1.7 பார், அதாவது ஏழில் ஒரு பங்கு காற்று குறைந்த நிலையில் அதே டீசல் எரிய வேண்டியிருக்கிறது. கடற்கரையில் புகையே தெரியாமல் திருத்தப்பட்ட வண்டி மேலே கரும்புகை கக்குவதற்கும், பைரோமீட்டர் முள் எகிறுவதற்கும் இதுவே காரணம். டர்போவும் தர்பனில் காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால் போதும் என்றிருக்க, உச்சியில் ஏறத்தாழ 2.4 மடங்காக அழுத்த வேண்டியிருப்பதால் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. ஆகவே கடல் மட்டத்தில் முழுச் சுமையோடு தர்பனை அடுத்த ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறிப் பார்க்கும்போது 600 டிகிரிக்கு மேல் போகாதபடி டீசலை நிறுத்துங்கள். மீதமுள்ள 100 டிகிரி மலைக்கு ஒதுக்கியது.

அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குச் சற்று மேலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடியைப் புதிதாக மாற்றுவது அவசியம். கியர்பாக்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த இன்ஜினோடு வரும் கியர்பாக்ஸின் ஆர்380 என்ற பெயரே அது 380 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பழைய கிளட்ச்தான் முதலில் வழுக்கும். அளவோடு திருத்திய இன்ஜின் 130 குதிரைத்திறனை ஒட்டிக் கொடுக்கும், ஏற்றத்தில் ஒரு கியர் குறையாமல் போக அது தாராளம்.

எல்லாம் முடிந்த பிறகு செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முதல் மலைப் பயணத்தில் ட்ரெய்லரைத் தவிர்த்துவிட்டு, பம்பு மூடிக்குரிய ஸ்க்ரூ டிரைவரையும் லாக் நட்டுக்குரிய ஸ்பானரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஏறும்போது புகை கறுத்தால் முழுச்சுமை ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே எடுத்து, லாக் நட்டை இறுக்கி, இன்ஜின் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடி டர்போ ஆறிய பிறகு ஏற்றத்தைத் தொடருங்கள்.