போனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு ரிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கட்டுநாயக்கா எயார்போட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்களா?" பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள். பாஸ்போட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள், நீங்களும் வெளியே வந்து வான் பிடித்து ஏ9 வீதியில் ஏறிவிடுவீர்கள். என் கவலை வேறு. நாம் மூன்று கிழமை நின்றுவிட்டு பிளேன் ஏறிவிடுவோம், நாம் நின்ற வீடு அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் வன்னியில் மாமி வீட்டில் நான்கு நாள் நின்றேன். ஒரு பின்னேரம், போரில் இறந்த புலிகளைப் புதைத்த துயிலும் இல்லம் இருந்த காணிப் பக்கம் போய் இரண்டு மூன்று படம் எடுத்து, அன்றிரவே பேஸ்புக்கில் போட்டேன், கூட வந்த மச்சானின் பெயரையும் இணைத்து. நான் திரும்பி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதட்டவில்லை, வெருட்டவில்லை. மாமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே லண்டனிலிருந்து வந்தவர் எத்தனை நாள் நின்றார், யார் யாரைப் பார்த்தார், காசு ஏதும் கொடுத்தாரா என்று கேட்டுவிட்டு, மச்சானின் நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மாமி இதை எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்து, அதுவும் யாரோ ஒருவரின் கல்யாணக் கதைக்கு நடுவில்.

அதனால் இனி நான் சொல்வதெல்லாம் உங்களைக் காப்பாற்றுவதற்கு மட்டும் இல்லை.

முதலில் போனில் உள்ள படங்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கு ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், குடும்பம் என்று குறைந்தது பத்து குரூப்பாவது இருக்கும். இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான நவம்பர் 27 வந்தால் அதில் எத்தனை படம் வந்து விழும் என்று யோசித்துப் பாருங்கள். கார்த்திகைப் பூவும் வரும், புலிக்கொடியும் வரும், தலைவர் பிரபாகரனின் படமும் வரும். நீங்கள் திறந்தே பார்க்காத படம்கூட, தானாக இறங்கும் வசதி போட்டிருந்தால், உங்கள் போனில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்ளும். வெளிநாட்டில் அது ஒரு பிரச்சினையும் இல்லை. இலங்கையில் 2024 நவம்பரில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்த புதிய அரசின் காலத்திலேயே, மாவீரர் நாளையொட்டி இப்படியான படங்களைப் பேஸ்புக்கில் போட்டார்கள் என்று அதே சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே போவதற்கு ஒரு மாதம் முன்பே வட்ஸ்அப்பின் செற்றிங்கில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். அழித்த படம் உடனே போய்விடாது: ஐபோனில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்ததென்றால் 60 நாள். தொட்டியையும் கழுவ வேண்டும். ஆனால் போனை மொட்டையடித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு செய்தியும் ஒரு படமும் இல்லாத போன்தான் ஆகக் கூடுதலான சந்தேகத்தைக் கிளப்பும். பேரப்பிள்ளை, கோயில், சமையல் குறிப்பு எல்லாம் இருக்கட்டும்.

அப்புறம் முகத்தையோ விரலையோ காட்டித் திறப்பதை நிறுத்திவிட்டு ஆறு இலக்க எண் போடுங்கள். உங்கள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தால் திறந்துவிடும், எண்ணை நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

சிம் விஷயம். இதில்தான் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிழை விடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும், "தம்பி, சும்மா கிடக்கிற சிம் ஒன்று தா" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது. அந்த சிம் தம்பியின் அடையாள அட்டையில் பதியப்பட்டது. நீங்கள் யாருக்கு எடுத்தாலும் கம்பனிப் பதிவில் அது அவன் எடுத்ததுதான், எந்த போன் கோபுரத்துக்குக் கீழ் நின்று எடுத்தது என்பதும் சேர்த்து. எயார்போட்டிலேயே டயலொக்கோ மொபிட்டலோ பாஸ்போட்டைக் காட்டி உங்கள் பெயரில் வாங்குங்கள், மிஞ்சி மிஞ்சிப் போனால் கால் மணித்தியாலம். திரும்பும்போது அதை அங்கே கொடுத்துவிட்டும் வராதீர்கள், பிறகு அவன் எடுக்கிற அழைப்பெல்லாம் உங்கள் பெயரில் நிற்கும். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் கம்பனிக்குத் திறந்த புத்தகம். வட்ஸ்அப்பிலும் சிக்னல் என்ற செயலியிலும் பேசுவதை நடுவில் இருப்பவர் கேட்க முடியாது, ஆனால் இரு பக்கத்துப் போனில் ஒன்று கைமாறினால் அந்தப் பூட்டால் பயனில்லை. சிக்னலில் செய்தி தானாக அழிய ஒரு நாள் என்று வைத்துவிடுங்கள்.

உங்கள் நாட்டு சிம்மில் ரோமிங் கொஞ்சம் வைத்திருப்பதும் நல்லது. விலைதான், ஆனால் காரணம் இருக்கிறது. இலங்கை அரசு சமூக வலைத்தளங்களைப் பூட்டுவது புதிதில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு கிழமையளவு போனது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒன்பது நாள். அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த நாம் மட்டக்களப்பிலும் நீர்கொழும்பிலும் இருந்தவர்களை வட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனது உங்களுக்கும் நினைவிருக்கும். 2022 ஏப்ரல் 3, கோட்டாபயவுக்கு எதிரான போராட்டம் சூடு பிடித்த நேரம், ஊரடங்கோடு சேர்த்து இதையும் பூட்டினார்கள். பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனிகளுக்குச் சொன்னது, ஒரு நாள் முடிவதற்குள் திறந்துவிட்டார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தான் விபிஎன் (பூட்டைச் சுற்றிப் போக உதவும் செயலி) போட்டுக்கொண்டு எழுதுவதாகவும், இந்தத் தடையால் பயனில்லை என்றும் ருவிற்றரில் எழுதினார். சித்தப்பாவின் அரசு பூட்ட, பெறாமகன் யன்னலால் ஏறிக் குதித்தார்.

அமைச்சரே போட்ட விபிஎன்னை நீங்களும் போடலாம். ஆனால் புறப்படும் முன்பே போட்டு, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பூட்டிய பிறகு இறக்குவது கரைச்சல். 2019 இல் சில விபிஎன்களும் வேலை செய்யவில்லை, ஆகவே இரண்டு வைத்திருங்கள். ரோமிங்கில் உங்கள் டேற்றா பெரும்பாலும் உங்கள் நாட்டுக் கம்பனி வழியாகச் சுற்றிவருவதால் அங்கத்தைய பூட்டு அதைப் பிடிக்காது. எதுவும் இல்லாவிட்டால் சாதாரண போன் அழைப்பு இருக்கிறது, மாமி வீட்டு லேண்ட்லைன் நம்பரை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

செய்தித் தளங்களும் இப்படித்தான். தமிழ்நெற் என்ற ஈழச் செய்தித் தளத்தை 2007 இல் பூட்டியவர்கள் அதைத் திறக்க 2015 ஆனது.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் இன்னும் பெரிய தடி. தடுப்புக் காவல் உத்தரவில் 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2022 திருத்தத்தில் 12 மாதம் ஆக்கினார்கள், அதையும் ஒரு சலுகையாகச் சொன்னார்கள். 2024 ஜனவரியில் 108க்கு 62 என்ற வாக்கில் இணையப் பதிவுகளுக்காக நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய் என்று தீர்மானித்து அதை நீக்கச் சொல்லலாம் என்கிறது. எழுதியதை எப்படி வாசிப்பார்கள் என்பதற்கு ஒரு உதாரணம்: மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைகளுக்காக 2020 மே மாதம் பிடிபட்டார். அவை வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் என்று தமிழ் தெரிந்த எத்தனையோ பேர் சொல்லியும், பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது, நீதிமன்றம் விடுவிக்க 2023 டிசம்பர். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து நீங்கள் பேஸ்புக்கில் அரைத் தூக்கத்தில் எழுதிய வரியையும் இதே கண்ணோடு யாராவது வாசிக்கலாம்.

அமைப்புகளில் பொறுப்பில் இருந்தவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2014 மார்ச்சில் வர்த்தமானியில் (அரசிதழில்), பயங்கரவாதத்தோடு தொடர்பு என்று 16 அமைப்புகளையும் 424 பேரையும் தடைப் பட்டியலில் போட்டார்கள். 2015 இல் பலரை எடுத்தார்கள், 2021 பெப்ரவரியில் திரும்பச் சேர்த்தார்கள், 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளையும் 316 பேரையும் மறுபடி நீக்கினார்கள். ஏறி இறங்கும் பட்டியல் இது. ரிக்கெட் போடுவதற்கு முன் கடைசி வர்த்தமானியை எடுத்து உங்கள் பெயரும் உங்கள் சங்கத்தின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "என்னை எடுத்துவிட்டார்களாம்" என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

விசாவுக்கு அரசின் ஈரிஏ (இணைய வழிப் பயண அனுமதி) தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய, பாஸ்போட் விபரமும் அவர்களிடம் போய்விடும். 2024 இல் அரசே இந்த வேலையை வெளிநாட்டுக் கம்பனிகளிடம் கொடுத்து, பயணிகளின் தரவு யார் கையில் போகிறது என்று சண்டை வந்து, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்த கதையும் உண்டு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியே போகாதீர்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்தின் நம்பர், ஒரு சட்டத்தரணியின் நம்பர், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996, மூன்றையும் பேப்பரில் எழுதி உங்களிடம் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், வீட்டார் அதைக் கேட்கலாம். வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலேயோ உள்ளவர் எடுத்த வாக்குமூலம் இந்தச் சட்டத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மற்றது, படம். ஆமிக் காம்பையும் கடற்படை வேலியையும் எடுக்காதீர்கள், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கமராவில் இடம் பதியும் வசதியை நிறுத்துங்கள். அங்கே நிற்கும்போது ஒன்றும் போடாமல் திரும்பி வந்து போடுங்கள், அதில் நிற்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டால் "அதுக்கென்ன, போடுங்கோ" என்று மரியாதைக்குச் சொல்வார்கள், ஆகவே இரண்டாம் முறையும் கேளுங்கள்.

போன மாசியில் மாமி வீட்டில் எடுத்த படங்களில் நான் போட்டது ஒன்றுதான், முற்றத்து மாமரம். அனுப்பிக் கேட்டபோது மச்சான் உடனே மறுமொழி எழுதினான்: "பின்னால கேற் தெரியுது அண்ணை, வெட்டிப்போட்டுப் போடுங்கோ."