ஒரே வாசகம் போட்டவர்கள் எல்லாம் ஒரே கூட்டமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்களோடு சமூக ஊடகங்களைக் கண்காணிக்க வந்திருக்கும் இளைஞர்கள் போன வாரம் ஒரு பட்டியல் நீட்டினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற ஒரே வாசகத்தை அடுத்தடுத்துப் போட்ட 30 கணக்குகள். "எல்லாம் திட்டம் போட்டுச் சேர்ந்து இயங்கும் ஒரே கூட்டம் அக்கா" என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2021-இல் நானும் இப்படித்தான் பட்டியல் போட்டேன். இந்த வேலையில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரே வாசகத்தை வைத்து முடிவு கட்டுவது

அந்த ஆண்டு ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தில், டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது ஒரு எச்சரிக்கை, எழுத்துப்பிழைகூட மாறாமல், ஒரு மணி நேரத்துக்குள் 42 ஃபேஸ்புக் கணக்குகளில் வந்தது. யாரோ திட்டமிட்டுப் பீதி கிளப்புகிறார்கள் என்று நினைத்து, பெயர்களோடு அறிக்கை எழுதி அனுப்பினேன். அது வெளியே கசிந்து, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தனியாக இருந்த ஒரு ஆன்ட்டிக்கு மிரட்டல் அழைப்புகள் போயின.

மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். ஆன்ட்டி ஒன்றும் திட்டவில்லை. ஃபோனை என் கையில் கொடுத்தார். அதே செய்தி வாட்ஸ்அப்பில், இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று நின்றது. தெருக்காவல் குழுவில் வந்ததை, பயந்தவர்கள் சொந்தக்காரர்களுக்காக அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இன்றும் யாராவது வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே கணக்குகள் வேறொரு நாள், வேறொரு விஷயத்திலும் சேர்ந்து வருகின்றனவா? ஒரே வாரத்தில் தொடங்கியவையா? ஒரே நாளில் ஓய்கின்றனவா? நடுவில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், காவடிப் படம் ஏதாவது உண்டா? இவற்றைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

பெயரை நம்புவது

2020-இல் வெளிநாட்டவர் மீது வெறுப்பைப் பரப்பிய ஒரு ட்விட்டர் கணக்கின் பெயர் லெராட்டோ பிள்ளை. நம் ஊர்ப் பெயர். பின்னால் இருந்தவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர் என்று அமெரிக்க ஆய்வு அமைப்பான அட்லாண்டிக் கவுன்சிலின் டிஜிட்டல் தடயவியல் ஆய்வகம் கண்டுபிடித்தது.

பொய்ச் செய்தியை மட்டும் தேடுவது

மியான்மர் ராணுவத்தோடு தொடர்புடையவை என்று 2018-இல் ஃபேஸ்புக் நீக்கிய பக்கங்களில் சில, வெளிப்பார்வைக்கு அழகுக் குறிப்பு, பொழுதுபோக்குப் பக்கங்களாகத்தான் இருந்தன. யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் ஏமாற்று இருந்தது.

நேரம்

கண்காணிப்புக் கருவி யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், காட்டினால் நம் தென்னாப்பிரிக்க நேரத்துக்கு 2 மணி நேரம் கூட்டுங்கள்.

சேமிக்காமல் புகார் செய்வது

கணக்கு போனால் ஆதாரமும் போய்விடும்.

அப்புறம், அந்த 30 பேர். 27 பேர் டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்தில் அடுத்தடுத்த தெருக்களில் இருப்பவர்கள். நிஜமாகவே தண்ணீர் இல்லை. மீதி 3 கணக்குகளை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.