புகை போகாததற்கு மோட்டார் காரணமில்லை
எங்கள் மெஸ்ஸில் அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் ஹூட், அதை வெளியே இழுக்கும் பெரிய எக்ஸாஸ்ட் மோட்டார் எல்லாம் இருந்தும் மிளகாய் தாளித்தால் மாஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் நிற்பார். மோட்டாரை மாற்றச் சொன்னார்கள், நல்லவேளை மாற்றவில்லை. ஒருநாள் அது ஓடும்போது பின்கதவைத் தள்ளினேன், வெளியே யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி அடம்பிடித்தது, திறந்ததும் புகை நேராக மேலே ஏறியது. உள்ளே வரக் காற்றே இல்லை, மோட்டார் எதை இழுக்கும்? அடுப்புக்கு எதிர்க்காற்று அடிக்காத இடமாகப் பார்த்துச் சுவரில் லூவர் (காற்று உள்ளே வரும் சாய்பட்டை ஜன்னல்) வைத்தேன்.

அப்புறம் ஹூட்டில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் ஃபில்டர். படுக்கையாகக் கிடந்த வலையிலிருந்து எண்ணெய் சாம்பாரிலேயே சொட்டியது (சொல்லவே கூச்சம்). அமெரிக்கத் தீத்தடுப்பு விதி என்.எஃப்.பி.ஏ 96 குறைந்தது 45 டிகிரி சாய்வு கேட்கிறது. வலைக்குப் பதில் பேஃபிள் (வளைந்த தகடுகள் அடுக்கிய ஃபில்டர்) வாங்கி அப்படியே சாய்த்து மாட்டினேன், இப்போது பிசுக்கு வழிந்து தொட்டியில் விழுகிறது.