சென்னை யூனிவர்சிட்டில வேலைக்கு சேர்றீங்களா? போக்குவரத்துல இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஆர்டர் கைக்கு வந்ததும் மேப்ல கிலோமீட்டர் பாத்து வீடு பிடிக்கறாங்க பாருங்க, அங்கயே தப்பு ஆரம்பிச்சுடுது. சென்னையில தூரத்த விட எத்தனை வண்டி மாறணும்ங்கறதுதான் ஆளை சாய்க்கும். தாம்பரத்துலேர்ந்து கிண்டிக்கு ஒரே எலக்ட்ரிக் ட்ரெயின், அதவிட கிட்ட இருந்துட்டு ரெண்டு பஸ் மாறி வர்றவங்க பல நாள் லேட்டாத்தான் வந்து சேருவாங்க.

அடுத்தது ஸ்டேஷன் பேரை நம்பறது. அண்ணா யூனிவர்சிட்டிய கிண்டின்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா கிண்டி ஸ்டேஷன்ல இறங்கினா சர்தார் படேல் ரோட்ல இன்னொரு பஸ் பிடிச்சாகணும், அதனால வேளச்சேரி, திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கம் இருக்கறவங்க பறக்கும் ரயில்ல வந்து கோட்டூர்புரத்துல இறங்கறதுதான் நல்லது. மெட்ராஸ் யூனிவர்சிட்டின்னா இன்னும் கவனம் வேணும். சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணின்னு கேம்பஸ் சிதறிக் கிடக்கு, உங்க டிபார்ட்மென்ட் எங்கன்னு கேக்காம வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. சேப்பாக்கத்துலயும் தரமணிலயும் பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கு. ஜனவரில குடியரசு தின ஒத்திகை நடக்கற அன்னிக்கு காமராஜர் சாலைல பஸ்ஸ திருப்பி விட்டுருவாங்க, அப்ப ரயில்தான் கை குடுக்கும்.

தினமும் டிக்கெட் க்யூல நிக்காதீங்க, ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுங்க, அதுவும் மூணு மாசத்துக்கு சேத்து எடுத்தா மாசாமாசம் எடுக்கறத விட கம்மிதான். செகண்ட் கிளாஸ் சீசன வச்சுக்கிட்டு கூட்டமா இருக்குன்னு ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஏறினா ஃபைன்தான்.

பெண்களுக்கு 2021 மே மாசத்துலேர்ந்து ஃப்ரீங்கறது சாதாரண கட்டண பஸ்ல மட்டும், டீலக்ஸ்ல டிக்கெட் எடுத்தே ஆகணும்.

ஞாயித்துக்கிழமை எக்ஸாம் டியூட்டி போட்டா வார நாள் டைம்ல கிளம்பாதீங்க, அன்னிக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் குறைவு.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் ஒண்ணு. பஸ் வேணும்னு ஸ்டாஃப் சார்பா மனு எழுதறப்ப புரொஃபசர், ஆபீஸ் டைமை மட்டும் பாத்து எழுதிடறோம், ஆனா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வர்ற ஹவுஸ்கீப்பிங் அக்காங்களுக்கும் நைட் ஷிஃப்ட் முடிச்சுப் போற செக்யூரிட்டி அண்ணன்களுக்கும்தான் பஸ் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால 'கூடுதல் பேருந்து வேண்டும்'னு பொதுவா எழுதாம எந்த ஸ்டாப், எத்தனை மணி, எத்தனை பேர்னு அவங்க ஷிஃப்டையும் கேட்டு எழுதி மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு குடுங்க.