ஸ்நோ கொட்ட முன் காரில் செய்ய வேண்டியவை

ரொறன்ரோவில் முதல் ஸ்நோ விழுந்த மறுநாள்தான் எல்லாருக்கும் ரயர் நினைவு வரும். அன்றைக்குக் கடைக்கு அடித்தால் வாரக்கணக்கில் தள்ளித்தான் நாள் தருவார்கள். ஸ்நோவுக்குக் காத்திருக்க வேண்டாம். காலைக் குளிர் தொடர்ந்து 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் போதும், வின்ரர் ரயருக்கு மாற்றிவிடுங்கள். ஒன்ராறியோவின் தெற்கில் அது அநேகமாக ஒக்ரோபர் கடைசி, நவம்பர் முற்பகுதி.

ஏன் 7 பாகை? அதற்குக் கீழே, எல்லாக் காலத்துக்கும் என்று விற்கும் 'ஓல் சீசன்' ரயரின் இறப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய இறப்பர் காய்ந்த தெருவில்கூடச் சரியாகப் பிடிக்காது. ஸ்நோ இல்லையே என்று இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். விரலால் அழுத்தி ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரியும். பக்கவாட்டில் மூன்று முகடு கொண்ட மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். 'எம் பிளஸ் எஸ்' (M+S) எழுத்து மட்டும் போதாது.

நான்கையும் மாற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரில் காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் வழுக்கிக் கார் சுற்றிவிடும். பழைய ரயரென்றால் தெருவில் படும் பக்கத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள்: 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் ஸ்நோவில் அதை நம்ப முடியாது. வயதும் முக்கியம். ரயரின் பக்கவாட்டில் 'டொட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கம் 3519 என்றிருந்தால், 2019இன் 35ஆவது வாரம் செய்தது.

வீட்டிலேயே மாற்றுபவர்கள், றிம் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுங்கள். துருவுக்கு மேல் இறுக்கிய நட் ஓட ஓடத் தளரும். அம்புக்குறி போட்ட ரயரை அது காட்டும் திசையிலேயே பூட்டுங்கள். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்கும் விசையைக் காட்டும் ரோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். கடையில் மாற்றினாலும் இது பொருந்தும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கட்டணத்தில் கழிவு தந்தாக வேண்டும். நாம் கேட்காவிட்டால் அநேகமாகத் தரமாட்டார்கள்.

குளிர் கூடக்கூட ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 5.5 பாகைக்கு ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 பாகைச் சூட்டிலுள்ள கராஜில் 33 அடித்துவிட்டு மைனஸ் 20இல் வெளியே விட்டால், அங்கே 26தான் இருக்கும். அதனால் வெளிக்குளிரில், ஓடாமல் நின்ற ரயரில் அளந்து அடியுங்கள்.

அடுத்தது பற்றரி. 0 பாகையில் அதன் வலு மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மைனஸ் 18இல் பாதியும் மிஞ்சாது. அந்த நேரத்தில்தான் ஒயில் தடித்து எஞ்சின் கூடுதல் வலுக் கேட்கும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் மீற்றர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ற் நிறைவு, 12.2 என்றால் பாதி. வோல்ற் சரியாக இருந்தும் ஸ்ராட்டின்போது விழுந்துவிடும் பற்றரிகள் உண்டு. ஆகவே நான்கைந்து வயதானதைக் கடையில் சுமை கொடுத்துச் சோதிப்பது நல்லது. முனையில் வெள்ளை, பச்சைப் பூப்பு இருந்தால் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். உறைந்து வயிறு வீங்கிய பற்றரிக்கு, இன்னொரு காரின் பற்றரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுக்கவே கூடாது, வெடிக்கும்.

ஜம்ப் கொடுக்கும் ஒழுங்கு: சிவப்பு முதலில் செத்த பற்றரியின் பிளஸில், மறுமுனை நல்லதின் பிளஸில். கறுப்பு நல்லதின் மைனஸில், கடைசி முனை செத்த காரின் எஞ்சினில் வர்ணம் இல்லாத இரும்பில். கழற்றுவது தலைகீழாக.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது பிழை: கூலன்றிலுள்ள எதிலீன் கிளைக்கோல் தனியே மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 என்று போட்டதாக இருக்கட்டும். கோடைக்கால நீரை முன்பே அடித்து முடித்துவிடுங்கள், உறைந்தால் பம்ப் போகும். உப்புச் சேறு தெறிக்கும் நெடுஞ்சாலையில் அது விறுவிறென்று தீரும், ஆகவே டிக்கியில் ஒரு கலன் கூடுதலாக. வைப்பரை நிறுத்திவிட்டே எஞ்சினை அணையுங்கள். கண்ணாடியோடு உறைந்த வைப்பர் காலையில் தானாக இயங்கப் பார்த்தால் ஃபியூஸ் எரியும். பனிக்கட்டி கரைய வெந்நீர் ஊற்றுவது கண்ணாடியை உடைக்கிற வேலை.

உள்ளே ஆவி படிந்தால் காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை எடுத்து, ஹீற்றரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துவிடும். கதவு இறப்பருக்குச் சிலிக்கோன் பூசினால் ஒட்டாது. உறைந்த பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேடுபவர்கள் வருடாவருடம் உண்டு. அது கோட் பைக்குள் இருக்க வேண்டியது.

டிக்கியில் மண்வாரி, ஒரு பை மணல், போர்வை, டோர்ச், ஜம்ப் வயர். பெற்றோல் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். வழியில் புதைந்துபோனால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள ஸ்நோவை அள்ளுங்கள். அடைபட்டால் காபன் மொனொக்சைட் உள்ளே வரும், மணம் இராது. அதன்பின் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினைப் போட்டு, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி வையுங்கள்.