பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை ரவுட்டராக்கலாம்

மன்னார்குடி வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஆட்டம் (இன்டெலின் குறைந்த கரண்ட் இழுக்கும் சிப்) கம்ப்யூட்டர்தான் இப்போது எங்கள் வீட்டு நெட்டுக்கு வாசல். உங்களிடமும் ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கரண்ட் கணக்கு. 15 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட். பழைய பென்டியம் 4 வேண்டாம். 80 வாட் என்று வைத்தாலும் அது ஒன்றே 115 யூனிட்டைத் தின்றுவிடும்.

நெட்வொர்க் போர்ட் இரண்டு வேண்டும், ஒன்று மோடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு; குறைந்தால் யூஎஸ்பி அடாப்டர் போடலாம். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளின் எக்ஸ்86 (சாதாரண பிசிக்கான) பதிப்பைப் பென்டிரைவில் எழுதி பூட் செய்யுங்கள். 32 பிட் மெஷினுக்கும் உண்டு. பல ஃபைபர் மோடம்களும் இதுவும் 192.168.1.1 என்ற ஒரே ஐபி முகவரியில் நிற்கும், மோதிக்கொள்ளும். இந்தப் பெட்டியின் முகவரியை 192.168.5.1 ஆக்கிவிடுங்கள். வைஃபைக்குப் பழைய ரவுட்டரே போதும்: அதில் டிஹெச்சிபியை (ஐபி முகவரிகளைத் தானே பங்கிடும் வசதி) நிறுத்தி, அதன் லேன் போர்ட்டில் இந்தப் பெட்டியிலிருந்து வரும் வயரைச் செருகுங்கள்.

ஐப்பசி அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் நம்முடையது. அதனால் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) வைத்தேன். அப்படியும் இரண்டு முறை படுத்துவிட்டது. பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1! மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி செத்துப்போய், வைத்த செட்டிங்கெல்லாம் மறந்திருக்கிறது. புதிது போட்டதும் சரி. அப்புறம், மூடியைத் திறந்த கையோடு ஃபேனையும் பாருங்கள். எங்கள் பெட்டியில் நெல் தூசியோடு இரண்டு பல்லி முட்டை.