தாயகக் கடலில் கைட்சர்ஃபிங்: காற்று எதிர்வுகூறலைப் படிக்கும் முறை

பள்ளி விடுமுறையோடு யூலை, ஓகஸ்ட்டில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் கைட்டை, அதாவது பலகையில் நின்று கடலில் சறுக்குபவரை இழுத்துச் செல்லும் பெரிய பட்டத்தை, தாராளமாகக் கட்டி எடுத்து வரலாம். இலங்கையின் வடமேற்கே மன்னாரிலும் கற்பிட்டியிலும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று உச்சத்தில் நிற்கும் காலம் அதுதான். மே நடுப்பகுதிக்குப் பிறகு பிடிக்கும் இந்தக் காற்று செப்டெம்பர் வரை, சில ஆண்டுகளில் ஒக்டோபர் வரையும் நிற்கும். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் வருபவர்களுக்கு வாடை என்னும் வடகிழக்குக் காற்று கிடைக்கும். அது சோளகத்தைவிட வேகம் குறைந்தது, நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் காற்றை நம்பி வரவேண்டாம். ஒக்டோபர் கடைசியும் நவம்பரும் வங்கக் கடலில் தாழமுக்கமும் புயலும் உருவாகும் காலம் என்பதால், அப்போது கைட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

விண்ட்குரு, விண்டி, விண்ட்ஃபைண்டர் என்று எந்தச் செயலியைத் திறந்தாலும் வேகத்தைப் பார்க்குமுன் திசையைப் பாருங்கள். 225 பாகை அல்லது தென்மேற்கு என்றால் காற்று அங்கிருந்து வருகிறது. திரையிலுள்ள அம்புக்குறியோ காற்று போகும் பக்கத்தைக் காட்டும். இதை மாற்றிப் படித்தால் தவறான கரைக்குப் போய் நிற்பீர்கள்.

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடப்பது. சோளகம் அதன் தென்மேற்குக் கரையில் கடலிலிருந்து தரைக்கு ஏறும். பாக்கு நீரிணைப் பக்கமான வடகிழக்குக் கரையிலோ தரையிலிருந்து கடலுக்கு இறங்கும். அந்தப் பக்கம் அலையில்லாமல் நீர் தட்டையாகத் தெரிவதால் புதியவர்களுக்கு ஆசை வரும். ஆனால் கைட் விழுந்துவிட்டால் காற்று உங்களைத் திறந்த கடலுக்கே தள்ளும். கூட்டி வரப் படகு இல்லாவிட்டால் இறங்கவேண்டாம். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற வடக்குப் பார்த்த கரைகளிலும் சோளகத்தில் இதே ஆபத்துத்தான். மட்டக்களப்புப் பக்கம் அந்த மாதங்களில் வீசும் கச்சான் என்னும் மேல்காற்று தரையைக் கடந்து, சூடேறி, வெட்டி வெட்டி அடிக்கும்; அது கைட்டுக்குரிய காற்றல்ல. வாடை தொடங்கியதும் கணக்கு தலைகீழாகும்.

அடுத்தது அலகு. 1 நொட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. செக்கனுக்கு 1 மீற்றர் என்பது ஏறத்தாழ 1.94 நொட். செயலி செக்கனுக்கு மீற்றரில் 14 என்று காட்ட, அதை 14 நொட் என்று நினைத்து 12 சதுர மீற்றர் கைட்டை ஏற்றினால் அங்கே வீசிக்கொண்டிருப்பது 27 நொட். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 15 நொட்டுக்கும் 21 நொட்டுக்கும் இடையில் இழுவை கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். கைட் அளவுக்கு ஒரு பருமட்டான கணக்கு உண்டு: உடல் எடையைக் காற்றின் நொட் வேகத்தால் வகுத்து 2.2 ஆல் பெருக்குங்கள். 75 கிலோ எடைக்கு 18 நொட்டில் 9 சதுர மீற்றர் வரும். வீச்சுக் காற்றின், அதாவது இடையிடையே திடீரென்று பலத்து அடிக்கும் காற்றின், வேகம் சராசரியைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அதைவிட ஓர் அளவு சிறியதை எடுங்கள்.

இனி முக்கியமான சிக்கல். செயலி தரும் எண் ஒரு புள்ளிக்குரியதல்ல, ஒரு பெரிய சதுரத்துக்குரியது. செயலிகள் எண்ணை எடுப்பது கணினி வானிலை மாதிரிகளிலிருந்து. ஜிஎஃப்எஸ் என்னும் அமெரிக்க மாதிரியில் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 13 கி.மீ., ஐரோப்பிய மாதிரியில் 9 கி.மீ. மன்னார்த் தீவின் அகலம் சில கிலோமீற்றர்தான். நிலமும் கடலும் ஒரே சதுரத்துக்குள் அகப்படும்போது நிலத்தின் உராய்வு சேர்ந்து எண் குறைந்துபோகும். கரையில் அதைவிடப் பலமாக வீசும். விண்டியில் புள்ளியைக் கரையில் வைக்காமல் தென்மேற்கே 10, 15 கி.மீ. கடலுக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும்.

காலையில் இன்னொன்றையும் பாருங்கள். விண்டியின் உயரப் பட்டையை 925 எச்பிஏ (hPa) என்னும் காற்றழுத்த மட்டத்துக்கு, அதாவது ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்துக்கு, ஏற்றுங்கள். கீழே 15 நொட்டும் மேலே 30க்கு மேலும் இருந்தால், காலையின் அமைதியை நம்பிப் பெரிய கைட்டை விரிக்கவேண்டாம். வெயில் ஏறித் தரை சூடாகும்போது மேலுள்ள வேகம் கீழே கலந்து இறங்கும். சோளக காலத்தில் பிற்பகல் கடற்காற்றும் அதே பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும். இரவில் தரை குளிர்ந்ததும் அந்தத் தொடர்பு அறுந்து கீழே காற்றுத் தளரும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலையும் தவறவிடாதீர்கள். சிலாபம் தொடக்கம் புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று வரும் பகுதிதான் உங்களுக்குரியது. அங்கே வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில் வரும்: 50 என்றால் 27 நொட், 60 என்றால் 32 நொட். கடற்றொழிலாளரைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்த நாளில் நீங்களும் போகவேண்டாம். உங்களைத் தேடிவரப் படகு இருக்காது.

கரைக்குப் போனதும் கண்ணால் சரிபாருங்கள். அலை நுனியில் அங்கொன்று இங்கொன்றாக வெள்ளை நுரைத்தலை தெரிந்தால் 10 நொட் அளவு. கடல் முழுக்க வெள்ளையாக இருந்தால் 15ஐத் தாண்டிவிட்டது. மன்னார்த் தென்கரைக் காற்றாலைகளின் முகம் காற்று வரும் பக்கம் பார்த்தே நிற்கும். திசைக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஆனால் சோளகத்தில் அந்தக் கோபுரங்கள் உங்கள் காற்றுக்கீழ்ப் பக்கத்தில், அதாவது காற்று உங்களைத் தள்ளும் பக்கத்தில், இருக்கும். அவற்றுக்கு முன்னால் கைட்டை ஏற்றவே கூடாது. கரையிலுள்ள மீனவர் குடிசையான வாடியில் வலை பொத்துபவரிடம் "அண்ணன், இண்டைக்குக் காத்து எப்பிடி, பின்னேரம் கூடுமோ?" என்று கேளுங்கள். அவர் கூடும் என்றால் செயலி என்ன சொன்னாலும் சிறிய கைட்டையே எடுங்கள்.

கையடக்க காற்றுமானி இருந்தால் முதல் மூன்று நாளும் காலை 10, மதியம் 1, மாலை 4 மணிக்குத் தலைக்கு மேல் கையை உயர்த்தி, இரண்டு நிமிடம் பிடித்து, சராசரியையும் வீச்சையும் குறித்துவையுங்கள். பக்கத்தில் அன்றைய எதிர்வுகூறல் எண்ணையும் எழுதுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு நாளும் 4, 5 நொட் என்று ஒரே மாதிரி வந்தால், நான்காம் நாளிலிருந்து செயலியின் எண்ணோடு அதைக் கூட்டிக் கைட்டைத் தெரிவுசெய்யலாம்.